வண்டி எடுக்கப் போனவர்

ஜூன் 3, செவ்வாய்

மகள் பிருந்தா அனுப்பிய நோட்டு இது. அட்டையில் ஒரு பூனை. "மனசுல இருக்கறதை எழுதும்மா, கொஞ்சம் லேசாகும்" என்றாள் போனில். ஓசூரில் யாரோ டாக்டரம்மாவிடம் கேட்டாளாம். என் மனசில் இருப்பதையெல்லாம் எழுத ஆரம்பித்தால் பூனை அட்டையை விட்டு ஓடிவிடும். அதனால் பார்க்கிற படத்தைப் பற்றி எழுதிவைக்கிறேன். யாருக்கும் தொந்தரவில்லை.

இன்று சண்பகா தியேட்டரில் மேட்னி. போலீஸ் படம். பெயரெல்லாம் எனக்கு மனதில் நிற்காது. கதாநாயகன் பாதிப் படம்வரை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை, இருட்டிலும்கூட. கண் வலியோ என்னவோ. கதாநாயகிக்கு அம்மாவாக வந்தவள் கதாநாயகனைவிடச் சின்னவள். கதாநாயகன் ஒருவனைத் தூக்கி வீசினால் அந்த ஆள் பழக்கடை, பாத்திரக்கடை, டீக்கடை எல்லாவற்றையும் உடைத்துக்கொண்டு போய் விழுகிறான். அந்தக் கடைக்காரர்களின் பிழைப்பைப் பற்றி ஒரு ஆளும் பேசவில்லை. பாட்டு ஒன்று பரவாயில்லை. அதிலும் ஆடினவர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டே சிரித்தார்கள், பாவம்.

வில்லனைக் குடோனுக்குள் துரத்தும்போது எழுந்துவிட்டேன். கூட்டம் வெளியே வருமுன் வண்டியை எடுக்க வேண்டுமே.

முடிவு: அந்தப் பையன் வில்லனைக் கொல்லவில்லையாம். கோர்ட்டில் ஒப்படைத்துவிட்டு, யூனிபார்மைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு ஊருக்கே போய்விட்டானாம். நல்ல காரியம் செய்தான்.

வீட்டுக்கு வந்து கொடியில் கிடந்த துணியை எடுத்தேன். உடுமலைக் காற்று தொடங்கிவிட்டது. இரண்டு ரவிக்கை பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில்.

ஜூன் 10, செவ்வாய்

குடும்பப் படம். ஒரே வீட்டில் அத்தனை பேர், யாருக்கும் வேலை வெட்டி கிடையாது, சாப்பிடுவதும் அழுவதும்தான். இலை நிறையப் பரிமாறுகிறார்கள். ஒருவரும் முழுதாகச் சாப்பிடவில்லை. முதல் வாய் வைக்கும்போதே யாராவது சண்டைக்கு வந்துவிடுகிறார்கள். அந்த இலைகளைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

பக்கத்து சீட் மடங்காமல் கீழேயே கிடந்தது. ஆள் இல்லாத சீட் தானாக மேலே மடங்கிக்கொள்ள வேண்டும், எழுந்தால் 'டப்' என்று சத்தம் வரும். ஸ்பிரிங் போயிருக்கும்.

இந்த வண்டி எடுக்கிற கதையை எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்காரர் சென்னியப்பன் மில்லில் ஃபிட்டர். செவ்வாய்க்கிழமை மில் லீவு, அதனால் செவ்வாய் மேட்னி எங்களுக்குச் சட்டம். படம் நன்றாக இருந்தாலும் குப்பையாக இருந்தாலும், முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் 'டப்' என்று எழுந்துவிடுவார். "கூட்டம் வந்துட்டா ஸ்டாண்டுல வண்டிய உருவ முடியாது புள்ள. நீ பாத்துட்டு வா" என்பார். நான் முடிவைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், வண்டியை கேட்டுக்கு வெளியே எடுத்து, வீட்டுப் பக்கம் திருப்பி, கைக்குட்டையால் சீட்டைத் துடைத்துவைத்து நிற்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான். அவர் ஒரு படத்துக்கும் முடிவைப் பார்த்ததே கிடையாது.

வரும் வழியில் பழனி ரோடு ரயில்வே கேட் எப்படியும் மூடியிருக்கும். எஞ்சினை அணைப்பார். "ம், சொல்லு" என்பார். பின்னால் உட்கார்ந்து நான் முடிவைச் சொல்வேன். சோகமாக முடிந்திருந்தால் மாற்றிச் சொல்வேன். ஒரு தடவை ஒரு அண்ணன் பாத்திரம் செத்துப்போனதை உள்ளபடி சொல்லிவிட்டேன், மனிதர் அன்று சாப்பிடவே இல்லை. அதிலிருந்து நான் யாரையும் சாக விட்டதில்லை. விஷம் குடித்தவர்கள் வாந்தி எடுத்துப் பிழைத்தார்கள். மலையிலிருந்து விழுந்தவர்கள் மரக்கிளையைப் பிடித்துக்கொண்டார்கள். தமிழ் சினிமாவில் நல்லவன் ஒருவனும் சாகமாட்டான் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இன்றைய முடிவு: அண்ணன் தம்பி எல்லாரும் சேர்ந்துவிட்டார்களாம். கடைசியில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். அப்பாடா.

ஜூன் 12, வியாழன்

வண்டியின் பின் பக்கம் அமுங்குகிறது. பங்க்சர் கடையில் காட்டினேன். "காத்தெல்லாம் கரெக்டா இருக்குதுங்க்கா. ஆள் ஏறுனா அமுங்கத்தானே செய்யும்" என்றான்.

ஜூன் 17, செவ்வாய்

நாய்ப் படம். நடிகர்கள் எல்லாரையும்விட நாய் நன்றாக நடித்தது. அதற்கு வசனம் இல்லாததும் ஒரு காரணம். வயதான வாட்ச்மேனும் நாயும். வாட்ச்மேனை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் நாய் வாசலில் மழையில் நிற்கிறது. எனக்குப் பின்வரிசையில் ஒரு ஆள் சத்தமாக மூக்கைச் சிந்தினார்.

நான் போன வாரம் உட்கார்ந்த இடத்தை மாற்றி வேறு வரிசையில் உட்கார்ந்தேன். அங்கேயும் பக்கத்து சீட் கீழே கிடந்தது. இந்தத் தியேட்டரில் எல்லா ஸ்பிரிங்கும் போய்விட்டது போலிருக்கிறது.

வண்டி ஸ்டாண்டுக்காரர் ஆறுச்சாமி டோக்கனை வாங்கிக்கொண்டே கேட்டார். "ஏனுங்க்கா, இன்னைக்கும் முடியறதுக்குள்ள எந்திரிச்சு வந்துட்டீங்களா?"

"கூட்டம் வந்துருமப்பா."

"கூட்டம் எங்கீங்க இருக்குது? உள்ள இருக்கறதே பத்துப் பேருதான்."

நான் ஏன் எழுந்து வருகிறேன் என்று அவருக்குத் தெரியாததல்ல. போன புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை சிரிப்புப் படம். எங்கள் வீட்டுக்காரர் எழுந்து வண்டி எடுக்கப் போனார். நான் உள்ளே வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தால் கேட்டில் வண்டி இல்லை. எனக்குக் கோபம். எங்கே போய்த் தொலைந்தார் என்று ஸ்டாண்டுக்குப் போனேன். கூட்டம் கூடியிருந்தது. வண்டிக்குப் பக்கத்தில் கிடந்தார். ஒரு கை சீட்டின்மேல், அதில் கைக்குட்டை. ஆறுச்சாமி அவருடைய தலையை மடியில் வைத்திருந்தார். நெஞ்சுவலி என்றார்கள். நான் சிரித்த நேரத்தில் அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு என்னால் எந்தப் படத்தையும் முடிவுவரை உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். அவர் எழுந்திருக்கிற நேரத்தில் எழுந்துவிடுகிறேன்.

முடிவு: நாய் பிழைத்துக்கொண்டதாம். வாட்ச்மேன்தான் போய்விட்டாராம். நாயை ஆஸ்பத்திரி நர்ஸ் கூட்டிப்போனாளாம்.

ஜூன் 24, செவ்வாய்

இன்டர்வெல்லுக்கு அப்புறம் மிஷின் ரிப்பேர். காட்சியை ரத்து செய்துவிட்டார்கள். அதனால் முடிவு அவருக்கும் தெரியாது.

வண்டி இன்று லேசாக ஓடியது.

ஜூலை 1, செவ்வாய்

கொலைப் படம். ஒரு பங்களா, பணக்காரக் கிழவர், நான்கு வாரிசு, ஒரு சமையல்காரி. கிழவரைக் கொன்றது யார் என்று கடைசிவரை சொல்லாமல் இழுத்தார்கள். துப்பறிய வந்தவன் பேசுவதைவிடக் காபி குடிப்பதுதான் அதிகம். இசையைக் காதுக்குள் ஊற்றினார்கள். கதவு திறந்தால் 'ஙொய்ங்', மூடினால் 'ஙொய்ங்'. எனக்குச் சமையல்காரிமேல்தான் சந்தேகம். அவள் சாம்பாரைக் கிண்டிய விதம் சரியில்லை.

எல்லாரையும் ஹாலில் உட்காரவைத்து அவன் பேச ஆரம்பித்தபோது எழுந்துவிட்டேன்.

முடிவு: கொன்றது பால் ஊற்ற வந்த பையனாம். கிழவருக்கு எப்போதோ பிறந்து, கைவிட்ட பிள்ளையாம். நான் நினைத்தே பார்க்கவில்லை.

ஜூலை 2, புதன்

பிருந்தா போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமையே அந்தக் கொலைப் படத்தை அவளும் மாப்பிள்ளையும் ஓசூரில் பார்த்துவிட்டார்களாம்.

"யாரு கொன்னான்னு கண்டுபுடிச்சியாம்மா?"

"பால்காரப் பையன். கிழவனோட மகன்."

பிருந்தா கேட்டாள். "கடைசி வரைக்கும் உக்காந்தியா? எனக்கு ரொம்பச் சந்தோசம்மா. நீ அங்க முழுசா உக்காந்து பாக்கணும்னுதான் டாக்டரும் சொன்னாங்க."

உட்காரவில்லை என்று நான் சொல்லவில்லை. கத்தரிக்காய் வாங்க வேண்டும், காய்க்காரன் வந்துவிட்டான் என்று போனை வைத்தேன். காய்க்காரன் வரவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

இதை எழுதாமல் நான் மட்டும் வைத்திருக்கலாம் என்று நினைத்தேன். எழுதிவிட்டால் போய்விடுமோ என்று பயம். ஆனாலும் எழுதுகிறேன்.

கேட் மூடியிருக்கும். எஞ்சினை அணைப்பேன். அப்போது பின்பக்கம் அமுங்கும். அவருக்குப் பிடித்த தியேட்டர் சமோசாவின் வெங்காய வாசம் கழுத்தில் அடிக்கும். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. முதல் தடவையே திரும்பக்கூடாது என்று தெரிந்துவிட்டது, எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "அந்தப் பையன் என்ன பண்ணுனான்னு கேளு புள்ள" என்று ஆரம்பிப்பார். கதாநாயகன் யாரானாலும் அவருக்கு 'அந்தப் பையன்'தான். ஒரு முடிவைக்கூடப் பார்க்காத மனிதர் இப்போது உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்கிறார். ரயில் போகும். கேட் திறக்கும். வீட்டு வாசலில் வண்டி லேசாகிவிடும்.

இன்று இரண்டு சமோசா வாங்கினேன். ஒன்றைப் பக்கத்து சீட்டில் தாளோடு வைத்தேன். எழும்போது தாள் மட்டும் எண்ணெய்க் கறையோடு இருந்தது. எலி என்று வைத்துக்கொள்வோம்.

படம் என்னவென்றே நினைவில்லை. கப்பல், புயல், நிறையத் தண்ணீர்.

சாயந்திரம் பிருந்தா. "ஆடி பொறக்கறதுக்குள்ள வந்துரும்மா. ரூம் ரெடி பண்ணி வெச்சிருக்கோம். தனியா அங்க என்ன பண்றே?"

தனியாக இல்லை கண்ணு என்று வாய்வரை வந்துவிட்டது. அவளிடம் போய்விட்டால் இந்த ரயில்வே கேட்டை எங்கே போய்த் தேடுவேன்? இரண்டாவது தடவையும் அவரை ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்த மாதிரி ஆகிவிடும். நான் போகமாட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

எழுத்து இன்று கோணல்தான் வரும்.

கேட் மூடியிருந்தது. எல்லாரும் செய்வதுபோல நானும் கேட் கட்டையின் ஓரத்து இடைவெளியில் வண்டியின் மூக்கை நுழைத்து நின்றேன். அங்கே தரை தண்டவாளத்தைப் பார்த்துச் சரிவு. எஞ்சினை அணைத்தேன். அவர் சொல்ல ஆரம்பித்தார். இன்று குரல் மெதுவாக இருந்தது, காற்று வேறு. சரியாகக் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்தேன். பிரேக்கிலிருந்து கை எப்போது விலகியது என்று தெரியாது. வண்டி உருண்டிருக்கிறது.

ரயில் சத்தம் காதைப் பிளந்தபோதுதான் கண்ணைத் திறந்தேன். என் முகத்துக்கு முன்னால் பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. சேலைத் தலைப்பு அந்தக் காற்றில் என்னை விட்டுப் பறந்தது. வண்டி அசையாமல் நின்றது.

கேட் கீப்பர் பெண் கத்திக்கொண்டே ஓடிவந்தாள். "சாகறதுக்கு வேற எடம் இல்லையாம்மா உனக்கு? பின்னாடி இருந்தவரு காலை ஊனி நிறுத்தாம இருந்திருந்தா என்னாயிருக்கும்?" சொல்லிவிட்டு என் பின்னால் பார்த்தாள். சுற்றிலும் பார்த்தாள். "எங்கம்மா அவரு? இப்பத்தானே... வெள்ளைச் சட்டை போட்டுட்டு..."

அவள் முகம் வெளுத்துப்போனது. நான் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடுவரை வந்தேன்.

முடிவு கேட்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. கேட் விஷயம் எப்படியோ பிருந்தா காதுக்குப் போய்விட்டது. சின்ன ஊர். போனில் அழுதாள், கத்தினாள். "அப்பாவும் அந்தத் தியேட்டர்லதான் போனாரு. இப்ப நீயும் போகணுமா? எனக்குன்னு யாரும்மா இருக்கா?"

ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள் கண்ணு, ஆவணி வரட்டும் என்றேன். பொய்யில்லை, உலக வழக்கம்தான். ஆனால் அதன் பின்னால் ஒளிந்துகொள்வது எனக்கே தெரிந்தது.

ஜூலை 22, செவ்வாய்

படத்துக்குப் போகவில்லை. புளி கொட்டை எடுத்தேன். மேட்னி முடிகிற நேரத்துக்கு வாசலில் வண்டியின் ஸ்டாண்ட் விடுபடுகிற சத்தம் கேட்டது. காற்றாக இருக்கும். எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு பார்த்தேன். வண்டி தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

ஜூலை 29, செவ்வாய்

போய்விட்டேன். போகாமல் இருக்க முடியவில்லை.

பேய்ப் படம் என்று போஸ்டரில் போட்டிருந்தார்கள். பேய் வரவே இல்லை. ஒரு வீடு, ஒரு பொம்பளை. புருஷன் செத்துப் பல மாதம் ஆகிறது. தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவன் வாசலுக்கு வருகிறான். அவள் தட்டு வைக்கிறாள். இருவரும் ஊர்க்கதை பேசுகிறார்கள். அவ்வளவுதான் படம். வெளியூரில் இருக்கிற மகள் போன் செய்தால், அவள் வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்துவிடுகிறாள். தியேட்டரில் சிலர் கொட்டாவி விட்டார்கள். "பயமே வரலையே" என்றான் ஒருவன். எனக்கு உள்ளங்கால்வரை ஜில்லிட்டுப் போயிருந்தது. பக்கத்து சீட் கீழே கிடந்தது. நான் அந்தப் பக்கம் கையை வைக்கவில்லை.

புருஷன் அவளிடம் கையை நீட்டுகிறான். அவள் விளக்கைப் பார்க்கிறாள். அந்த இடத்தில் எழுந்தேன்.

ரயில்வே கேட்டில் இன்று ரொம்பப் பின்னால், சமதரையில் நின்றேன். அமுங்கியது. நானே கேட்டேன். "என்னாச்சுங்க? அவ அவங்கூடப் போயிட்டாளா?"

"இல்ல புள்ள. அவ மக வூட்டுக்குப் போயிட்டா."

"அவன்?"

"பெட்டியத் தூக்கிட்டு ஸ்டேசன் வரைக்கும் வந்தான். ரயில்ல ஏத்திவிட்டான். அவன் ஏறல."

முடிவு: மகள் வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பிருந்தா காலையிலேயே கூப்பிட்டாள். குரல் சரியில்லை. "அம்மா, அந்த வெளக்குப் படம் உங்க ஊருக்கு வந்துதா? வந்தா பாக்காதே."

"பாத்தாச்சு."

"கடைசி வரைக்குமா?"

"மக வூட்டுக்குப் போயிட்டா. நல்லாத்தானே முடிச்சாங்க."

"என்னம்மா சொல்றே?" என்றாள். "அவ அவங்கூடப் போயிடறாம்மா. மக வந்து பாக்கறப்ப கதவு தெறந்து கெடக்குது, வெளக்கு எரியுது, ரெண்டு தட்டு இருக்குது, ஆளே இல்ல. அதைப் பாத்ததிலிருந்து நான் தூங்கல."

மாப்பிள்ளையிடமும் கேட்டேன். அவரும் அதையே சொன்னார்.

இத்தனை படத்தில் ஒரு முடிவுகூட அவர் தப்பாகச் சொன்னதில்லை. பால்காரப் பையன்வரை சரியாகச் சொன்னவர். இன்று சமைக்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. கோயிலில் ஆறுச்சாமி சம்சாரத்தோடு வந்திருந்தார். அவரை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஆறுச்சாமி, அவரு வண்டி எடுக்க வந்தா, நான் வர்ற வரைக்கும் என்னப்பா பண்ணுவாரு?"

தயங்கினார். பிறகு சிரித்தார். "சொன்னா வையக்கூடாதுங்க்கா. ஸ்டாண்டு தியேட்டர் செவுத்தோரம்தானுங்களே, உள்ள பேசறது பூராங் கேக்கும். நான் மொத நாளே படத்தப் பாத்துருவேன். அண்ணன் வந்ததும் 'முடிவு என்னப்பா'ம்பாரு. நானும் சொல்லீருவேன்."

"அப்ப முடிவு அவருக்குத் தெரியுமா?"

"எல்லாப் படத்துக்கும் தெரியுமுங்க. 'அந்தப் பையன் செத்துட்டானுங்கண்ணா'ன்னு சொல்லுவேன். 'செரி, எங்கூட்டுக்காரி இவனை எப்படிப் பொழைக்க வெக்கறான்னு பாக்கறேன்'ம்பாரு. அதைக் கேக்கறதுக்குத்தானுங்க அவ்வளவு அவசரமா வண்டி எடுப்பாரு. போறப்பவே சிரிச்சுட்டுப் போவாரு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கோயிலில் எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும். இத்தனை வருஷம் நான் அவரை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மனிதர் எல்லாம் தெரிந்துகொண்டே "ம், சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மற்றது உறைத்தது. முடிவை மாற்றிச் சொல்வது எதற்கு என்று எனக்குத் தெரியாதா? கேட்பவர் தாங்கமாட்டார் என்றால்தான் மாற்றுவோம். கேட்பவர் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும் என்றுதான் மாற்றுவோம். கூட வா என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன். அது அவருக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அதே படம். மேட்னி. சமோசா வாங்கவில்லை. ஹேண்டில் லாக் போட்டு, சாவியைக் கைப்பையில் வைத்து, வண்டியை ஸ்டாண்டில் உள்வரிசையில் விட்டுவிட்டு உள்ளே போனேன்.

பக்கத்து சீட் கீழே கிடந்தது.

இரண்டாவது தடவை பார்க்கும்போது தெரிகிறது, அந்தப் பொம்பளையாக நடித்தவள் மகளிடம் போனில் பேசும்போதெல்லாம் கதவைப் பார்த்துக்கொண்டே பேசுகிறாள். அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடுவதாகப் படத்தில் காட்டவில்லை. புருஷன் தட்டும் நிறைந்திருக்கிறது, அவள் தட்டும் நிறைந்திருக்கிறது. நானும் போன வாரம் முழுக்க எதைச் சாப்பிட்டேன் என்று யோசித்தேன்.

புருஷன் கையை நீட்டினான். என் கால் தானாக எழப் பார்த்தது. சீட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். எழவில்லை.

பக்கத்தில் 'டப்' என்றது. சீட் மேலே மடங்கிக்கொண்டது.

உயிர் போய் உயிர் வந்தது. கூடவே ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. அன்றைக்கு ஓடாததற்கு இன்றைக்காவது ஓடு என்று ஒரு மனசு. திரையைப் பார்த்தபடியே அழுதேன். அவள் அவனோடு போனாள். கதவு திறந்து கிடந்தது. மகள் வந்து, இரண்டு தட்டையும் பார்த்து, வாசற்படியில் உட்கார்ந்தாள். அந்த மகள் முகத்தைப் போன வாரம் நான் பார்க்காமலேயே வந்திருக்கிறேன். அதைப் பார்க்காதவர்கள்தான் அவனோடு போகலாம் என்று நினைப்பார்கள். தியேட்டரில் விளக்குப் போடும்வரை உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்தேன். கேட்டுக்கு வெளியே என் வண்டி நின்றது. வீட்டுப் பக்கம் திரும்பி நின்றது. தூசிக் காற்றில் ஊரே மஞ்சளாக இருந்தது, சீட் மட்டும் துடைத்துவைத்தாற்போலப் பளிச்சென்று இருந்தது.

ஆறுச்சாமி ஸ்டாண்டிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் எடுக்கலீங்க்கா" என்றார், நான் கேட்பதற்கு முன்பே. அவர் கையில் என் டோக்கனின் மறுபாதி.

ரயில்வே கேட் மூடியிருந்தது. எஞ்சினை அணைத்தேன். அமுங்கியது. அவர் பேசவில்லை. இன்று முடிவைப் பார்த்தது நான்தானே.

"ம், சொல்லு" என்று கேட்டது. கழுத்துக்கு வெகு அருகில்.

சொன்னேன். "அவ மக வூட்டுக்குப் போயிட்டாளுங்க. அவன் பெட்டியத் தூக்கிட்டு ஸ்டேசன் வரைக்கும் வந்தான். அவளுக்கு அவனை விட்டுட்டுப் போக மனசே இல்ல. ஆனாலும் போனா. அங்க போயி வேளாவேளைக்குச் சாப்பிட்டா. நல்லா இருந்தா."

பின்னால் மெல்லிய சிரிப்பு. பொய் என்று தெரிந்து சிரிக்கிற சிரிப்பு. இத்தனை வருஷம் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததில் நான் அதைப் பார்க்கவே இல்லை. ரயில் வந்தது, சத்தத்தில் எல்லாம் அடங்கிப்போனது. கடைசிப் பெட்டி போனதும் வண்டியின் பின்பக்கம் ஒருமுறை மேலே எழும்பியது, யாரோ இறங்கிக்கொண்டதுபோல.

கேட் திறந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் தண்டவாளத்தைத் தாண்டினேன். வண்டி லேசாக இருந்தது. வீடு வரும்வரை வாய்விட்டு அழுதேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு, ஓசூர்

ஆவணி பிறந்ததும் வந்துவிட்டேன். இங்கே காற்றே இல்லை. துணி காய மாட்டேனென்கிறது.

பிருந்தாவும் மாப்பிள்ளை யோகேஷும் ஒரு மாலுக்குப் படம் பார்க்கக் கூட்டிப்போனார்கள். உள்ளே ஐஸ் பெட்டி மாதிரிக் குளிர். சமோசா இல்லை, தொட்டி நிறையப் பொரி. பட்டாளத்துக்காரன் படம். கதாநாயகன் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தையே மூன்று தடவை வாசித்தார்கள், முதல் தடவையே புரிந்துவிட்டது. சண்டை நன்றாக எடுத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு பக்கம் சீட் காலியாகத்தான் இருந்தது. ஒழுங்காக மேலே மடங்கியிருந்தது.

கதாநாயகன் குண்டடி பட்டு விழுந்த நேரம், மறுபக்கமிருந்து மாப்பிள்ளை என் காதருகே குனிந்தார். "அத்தை, கீழ பார்க்கிங்ல கூட்டம் வந்துட்டா வெளிய எடுக்கவே முடியாதுங்க. நான் போயி காரை எடுக்கறேன், நீங்க பாத்துட்டு வாங்க."

எழுந்தார். 'டப்' என்றது.

அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மாமியார் மாப்பிள்ளையின் கையைப் பிடிப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. பிருந்தா என்னைப் பார்த்தாள், அவளுக்குப் புரிந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உக்காருங்க மாப்பிள்ளை" என்றேன். "முடிவப் பாத்துட்டு எல்லாரும் சேந்தே போலாம்."

உட்கார்ந்தார். படம் முடிகிறவரை நான் கையை விடவில்லை. பார்க்கிங்கில் வெகுநேரம் வரிசையில் நின்றோம். பசி எடுத்துவிட்டது.

முடிவு: அந்தப் பையன் செத்துப்போனான்.